கால் படாத புல்

அன்று காலை பம்பு வீட்டுக்குப் பின்னால், கயிறு கட்டிய புல்தரையின் ஓரத்தில் நின்றவர்கள் ஆறு பேர். நவமணி, அவள் மகன் சுகுமாரன், மருமகள் காமினி, நவமணியின் கொழுந்தன் மகன் யுகேந்திரன், புல் வெட்டும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரான சலேஹா, கிளப் மேனேஜர் ஃபிக்ரி. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே நடந்ததைப் பற்றிப் பிறகு பல பேர் பல விதமாகப் பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் அந்தக் கோல்ஃப் மைதானத்தை ரோட்டிலிருந்துகூடப் பார்த்திராதவர்கள்.

நவமணி போனது மகனுக்குப் பசியாறக் கொடுக்க. தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மழை எந்தத் திசைக்குப் போனதென்று தெரியவில்லை. வெயில் காலம் தொடங்கிவிட்டால் சுகுமாரன் வீட்டில் சாப்பிடுவதில்லை. சூரியன் மலைக்கு மேல் வருமுன் மைதானத்தில் இருந்தால்தான் புல் பிழைக்கும் என்பான். காமினிக்குப் பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில், கார் விற்கும் கடையொன்றில் வேலை. பாலம் தாண்டுவதற்கு முன் மாமியாரைக் காரில் ஏற்றிவந்து, கேரியரைக் கொடுத்து, வீட்டில் இறக்கிவிட்டுப் போவாள்.

அன்றைக்குக் கேரியரை யாரும் திறக்கவில்லை.

கயிற்றுக்கு உள்ளே இருந்தது நர்சரி. குழி இருக்கிற வழவழப்பான தரையை கிரீன் என்பார்கள். மைதானத்தில் எந்த கிரீனில் புல் செத்தாலும் ஒட்டுப் போடுவதற்கென்று அதே ஜாதிப் புல்லை வளர்த்து வைக்கும் இடம்தான் நர்சரி. மேட்டின் மேல், காற்றுக்கும் வெயிலுக்கும் முதுகைக் காட்டி நிற்கும் ஏழாவது கிரீனில் ஒவ்வொரு வருஷமும் இந்தக் காலத்தில் சொட்டை விழும். ஒவ்வொரு வருஷமும் நர்சரிதான் அதைக் காப்பாற்றும். இந்த வருஷம் மாதக் கடைசியில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி வேறு. புல் தாங்காவிட்டால் மைதானத்தை வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்திருந்தது.

அந்த நர்சரியின் முதிர்ந்த பாதி, ஒரு லாரி நிற்கும் அகலத்துக்கு, தவிட்டு நிறமாகச் செத்துக் கிடந்தது.

"நோயா?" என்று ஃபிக்ரி கேட்டார். அவர் மலாய்க்காரர், ஆனாலும் பினாங்கில் பிறந்து வளர்ந்து, சுகுமாரனோடு பாதி மலாயிலும் பாதி தமிழிலும் பேசிப் பழகியவர். "நோய்னா இதுலேருந்து ஒரு துண்டுகூட வெளிய எடுக்க முடியாது. ஏழாவதுக்கு என்ன பண்ணுவ சுகு?"

சுகுமாரன் பலகையின் மேல் முழங்காலிட்டு, கத்தியால் ஒரு துண்டை வெட்டி எடுத்தான். மேலே வெள்ளையாக ஒரு தோல் படிந்திருந்தது. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் விட்டான். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சேம்பிலை மேல் விட்டது போல் உருண்டு ஓடியது. துண்டை மூக்கருகே கொண்டுபோனான்.

"நோய் இல்ல பாஸ். வாடை புளிக்குது. யாரோ எதையோ ஊத்தியிருக்காங்க. மூணு நாளா மஞ்சள் தட்டுது, வெயில்தான்னு நெனச்சு நான் தண்ணி காட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு சொட்டு வேருக்குப் போகல."

அந்த நேரத்தில்தான் சலேஹா பம்பு வீட்டு மறைவிலிருந்து இரண்டு நீலத் தோங்குகளை, பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களை, உருட்டிக்கொண்டு வந்தாள். எஸ்டேட்டில் வளர்ந்த பெண், தமிழ் தண்ணீராக வரும்.

"அண்ணே, இது பின்னால கெடந்துச்சு. நம்ம தோங்கு இல்ல. உள்ள பாருங்க, கருவேப்பிலை ஒட்டியிருக்கு."

தோங்கின் வயிற்றில் சிவப்புச் சாயத்தால் ஒரு வேல். நவமணியின் கணவர் அய்யாக்கண்ணு போட்டது. அவர் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கென்று வாங்கிய தோங்குகள் அவை. வேலின் முனை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அவர் கை அப்படி.

சுகுமாரன் அதைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். பிறகு ஒன்றும் நடக்காதது போல் தோங்கைக் கையால் திருப்பி, வேல் சுவர்ப் பக்கம் போகும்படி வைத்தான்.

ஃபிக்ரி கைப்பேசியை நீட்டினார். "மெம்பர்ஸ் குரூப்புல என்ன ஓடுதுன்னு பாரு. தைப்பூசத்துக்கு நம்ம தண்ணி லாரிய ரோடு நனைக்கக் குடுத்தோம்ல, அதுல கிளப்புக் கொளத்துத் தண்ணிய அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களாம். அதான் புல்லு காயுதாம்."

"லாரி காலியாத்தான் போச்சு. நீங்களே கேட்டுல நின்னு பாத்தீங்க. தண்ணி பந்தல்காரங்க ஏற்பாடு பண்ணது."

"நான் பாத்தேன். கமிட்டி பாக்கலையே. நாலு மணிக்குக் கூட்டம். இந்தப் புல்லுக்கு ஒரு பதில் வேணும் சுகு."

"என் பொறுப்புல இருக்கற எடம். என் தப்புன்னு எழுதிக்குங்க."

யுகேந்திரன் பம்பு வீட்டுக் கதவில் சாய்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பம்பும் குழாய்களும் அவன் பொறுப்பு. தண்ணீர் களவு போனதென்றால் முதல் கேள்வி அவனுக்குத்தான் வரும்.

நவமணி நிமிர்ந்த முதுகோடு நடந்து போய்க் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"சீட் பெல்ட் போடுங்க அத்தை," என்றாள் காமினி.

"வண்டிய எடுக்காத."

காமினி சாவியிலிருந்து கையை எடுத்தாள். மாமியாரின் முகத்தை ஒரு முறை பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மோரா?"

"மோருதான்."

"ரெண்டு தோங்குமா?"

"ஒன்னரை."

"ஏன் அத்தை, மிஞ்சினா லோங்காவுல ஊத்திட்டு வர வேண்டியதுதானே? ரோட்டோரம் எவ்ளோ பெரிய லோங்கா ஓடுது!"

"வேலுக்கு முன்னால வச்சுப் படைச்சத சாக்கடையில ஊத்தச் சொல்றியா? உங்க வீட்டுல அப்படித்தான் வழக்கமா?"

"எங்க வீட்ட இழுக்காதீங்க. இப்ப பேச்சு உங்க மோரப் பத்தி."

நவமணி கேரியரை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டாள். பந்தல் பிரிந்த அன்று, தோங்குகளோடு லாரியிலேயே அவளும் கிளப்புக்கு வந்தாள். படைத்த பொருளைக் கால் படாத இடத்தில்தான் சேர்க்க வேண்டும்; அந்த வீட்டில் அது மாறியதில்லை. வீட்டுக்கு முன்னால் சிமெண்டு, பின்னால் சிமெண்டு. இங்கே பார்த்தால், கயிறு கட்டி, பலகை போட்டு, யாரும் மிதிக்கக் கூடாது என்று மகனே பலகை எழுதி வைத்திருந்த பச்சைப் புல். இந்தத் தீவில் இதைவிடச் சுத்தமான இடம் ஏது என்று மனம் குளிர்ந்து, கும்பிட்டு ஊற்றினாள்.

"பால் சமாச்சாரம்தானே, புல்லுக்கும் நல்லதுன்னு நெனச்சேன்."

"உப்பு?"

"சுடற ரோட்டுல வெறுங்காலோட வர்றவங்களுக்கு உப்பில்லாம குடுக்க முடியுமா? வேர்த்துக் கொட்டுதேன்னு ரெண்டு கை கூடத்தான் போட்டேன்."

காமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினாள். "சரி விடுங்க. அவருதான் உங்களக் காப்பாத்திட்டாரே."

அந்தச் சொல்தான் நவமணியைக் குத்தியது. காப்பாற்றிவிட்டான். அவள் மாமனார் இதே மைதானத்தில் அரிவாளால் புல் அறுத்தவர். அய்யாக்கண்ணு மண்டோராக இருந்தவர். சுகுமாரன் படித்துப் பட்டம் வாங்கி, அவர்கள் குனிந்து நடந்த மைதானத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவன். மூன்று தலைமுறையில் அந்த வீட்டார் யாரும், தான் செய்ததை அடுத்தவன் தலையில் வைத்ததாகப் பேச்சு வந்ததில்லை. அவன் வாயைத் திறந்து என் தப்பு என்கிறான். அவள் காரில் உட்கார்ந்து பெல்ட் போடப் போகிறாள்.

கதவைத் திறந்து இறங்கினாள்.

"அத்தை! எனக்கு ஜுருவுக்கு லேட்டாவுது லா!"

"நீ போ. நான் சாயங்காலம் வர்றேன்."

ஃபிக்ரி பக்கி என்கிற மைதானத்துச் சின்ன வண்டியில் ஏறப் போனார். "நில்லுங்க," என்றாள் நவமணி. அவர் நின்றார்.

"அந்தத் தோங்குல இருந்தது மோரு. அத ஊத்துனது நான். என் மகன் இல்ல."

"அம்மா!" என்றான் சுகுமாரன்.

ஃபிக்ரி சிரிக்கவில்லை. "ஏன் ஆன்ட்டி இங்க கொண்டாந்து ஊத்துனீங்க?"

அவள் காரணத்தைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் ஒரு முறை சொன்னாள். ஃபிக்ரி செத்த புல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயும் ஓதுன தண்ணி மிஞ்சினா கண்ட எடத்துல ஊத்த விடமாட்டாங்க. எங்கம்மா பூச்செடிக்குத்தான் ஊத்துவாங்க," என்றார். "ஆனா அதுல உப்புப் போடமாட்டாங்க ஆன்ட்டி."

சலேஹா திரும்பி நின்று கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பக்கி போன பிறகு சுகுமாரன் பொரிந்தான். "நான் பேசி முடிச்சத எதுக்கும்மா திரும்பத் தொறந்தீங்க?"

"நீ பேசி முடிக்கல. மூடி வச்ச."

"கமிட்டி முன்னால உங்க பேரு அடிபடணுமா? அவங்க உங்களக் கேலி பேசறத நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"கேலி பேசட்டும். நான் ஊத்தினேன்னுதானே பேசுவாங்க. நீ களவாண்டேன்னு பேசறதவிட அது கேவலமா?"

அவன் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான். அப்பனுக்கும் கோபத்தை விழுங்க அதே வழிதான்.

"சலேஹா, மண்வெட்டி எல்லாம் எடுங்க. கெட்டுப் போனத மண்ணோட வழிச்சு எடுத்துடுவோம். உப்பு பக்கத்துக்குப் பரவக் கூடாது."

"கழுவி விட முடியாதா அண்ணே?"

"கழுவறதுக்கு எவ்ளோ தண்ணி வேணும் தெரியுமா? கொளம் இருக்கற இருப்புக்கு, இதக் கழுவினா கிரீனுக்கு இல்ல. வெட்டு."

"அப்ப ஏழாவதுக்கு?" என்று கேட்டான் யுகேந்திரன். அன்று காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை. "மீதிப் பாதி போன மாசம் நட்டது. இன்னும் வேர் புடிக்கல."

சுகுமாரன் கிளப் கட்டடத்தின் பக்கம் பார்த்தான். அங்கே, மெம்பர்கள் ஆடுவதற்கு முன் கை பழகும் சிறிய கிரீன், நல்ல பச்சையாக இருந்தது.

"அதோட பின்னோரத்துல வெட்டி எடுப்பேன். அதே புல்லு."

"மெம்பர்ஸ் உயிர எடுத்துடுவாங்க. போட்டி வரப்போற நேரத்துல பிராக்டீஸ் கிரீன மூடினா விடுவாங்களா?"

"கமிட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் வெட்டுவேன்."

வெயில் ஏறியது. செத்த பாதியைச் சலேஹாவின் ஆட்கள் நீள நீளமாக வெட்டிச் சுருட்டினார்கள். நவமணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சுருட்டியவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. தன் வீட்டுத் தோங்கால் வந்த குப்பையை இன்னொருத்தர் மட்டும் அள்ள விட மாட்டாள்.

"பெரியம்மா, நெழலுக்கு வாங்க," என்றான் யுகேந்திரன். "நீங்க மயங்கி விழுந்தா அதுக்கும் குரூப்புல எழுதுவாங்க. கோல்ஃப் கிளப்புல கெழவிய வேலை வாங்குறாங்கன்னு."

"யாருடா கெழவி? நீ அந்தப் பம்பப் பாரு. சத்தம் மாறுது."

உண்மையிலேயே மாறியிருந்தது. அவன் ஓடினான்.

உச்சி வேளையில் சுகுமாரன் ஏழாவது கிரீனுக்குப் போனபோது அவளும் போனாள். அவன் குழாயின் முனையை மேல்நோக்கிப் பிடித்து, பூவாளிபோல மெல்லிய தூறலை ஒரே ஒரு சுற்று விட்டான். புல்லின் நுனி மட்டும் நனைந்தது. அந்தத் தண்ணீர் குடிக்க இல்லை, முகம் கழுவ. வெயில் உச்சத்தில் இலையின் சூட்டை அது தணித்தால் போதும். நிறையக் கொடுத்தால் வேர் அவிந்துவிடும், கொடுக்காமல் விட்டால் மாலைக்குள் நீலம் பாரித்துச் சுருண்டுவிடும். வெட்டும் இயந்திரத்தின் கத்தியையும் அவன் சற்று உயர்த்தி வைத்திருந்தான். பந்து மெதுவாக ஓடுகிறது என்று மெம்பர்கள் முணுமுணுத்தார்கள். புல் உயிரோடு இருந்தால்தான் பந்து ஓடும் என்று அவன் சொல்லிவிட்டான்.

மேட்டின் மேல் மூன்று சொட்டைகள் மண் தெரியக் கிடந்தன. நவமணி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். தைப்பூசத்தன்று அவளிடம் மோர் வாங்கிக் குடித்த முகங்களெல்லாம் மறந்துபோயின. இந்த மூன்று சொட்டைகள் மூடுமா மூடாதா என்பது மட்டும்தான் மனதில் நின்றது. மூடாவிட்டால் இந்த மைதானத்தில் அவள் வீட்டுப் பெயர் இருக்காது.

நாலு மணிக்கு அவன் சட்டை மாற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போனான். அவள் வெளியே, மழைமரத்தின் கீழ்ப் பெஞ்சில், முதுகு சாய்க்காமல் உட்கார்ந்தாள். மெம்பர் ஒருவர் அவளைக் கடந்து போனார். நின்று, ஏதோ கேட்க நினைத்து, அவள் பார்வையைக் கண்டு நடந்துவிட்டார்.

சுகுமாரன் வெளியே வர நேரமானது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பிராக்டீஸ் கிரீன மூட ஒத்துக்கிட்டாங்க. பின்னோரம் மட்டும்."

"அப்புறம்?"

"போட்டிக்கு முன்னால ஏழாவது எழுந்திரிச்சா மைதானம் நம்ம கையில. எழுந்திரிக்கலன்னா வெளிக் கம்பெனிக்கு."

"எழுந்திரிக்கும். மோரு சமாச்சாரத்த என்னான்னு சொன்ன?"

அவன் செருப்பைப் பார்த்தான். "எங்க வீட்டு ஆளு ஒருத்தர் தெரியாம ஊத்திட்டாங்கன்னு."

"வீட்டு ஆளுக்குப் பேரு இல்லையா?"

"அம்மா, விடுங்களேன். அவ்ளோ தூரம் வந்ததே எனக்குப் பெரிசு."

"ஃபிக்ரிகிட்ட நான் சொன்ன பேரு உன் வாயில வர மாட்டேங்குது."

"வராது. நீங்க திட்டினாலும் வராது."

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படி.

முதல் வரிசைத் துண்டுகளை அன்று மாலையே வைத்தார்கள். குழி தோண்டும் உருளைக் கத்தியால் பிராக்டீஸ் கிரீனின் ஓரத்தில் புல்லை மண்ணோடு வட்டமாக எடுத்து, ஏழாவதின் சொட்டையில் அதே அளவு குழி வெட்டி இறக்கினார்கள். சலேஹா ஒவ்வொன்றின் மேலும் பலகையை வைத்தாள்.

"அக்கா, ஏறி மிதிங்க."

நவமணி திடுக்கிட்டாள். "மிதிக்கறதா?"

"மிதிங்கம்மா," என்றான் சுகுமாரன். "நல்லா மிதிச்சாத்தான் வேரு அடி மண்ணோட ஒட்டும். நடுவுல காத்து நின்னா நாளைக்கே காஞ்சிடும்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஒரு கணம் கை குவிந்தது. பிறகு பலகையில் ஏறி, முழு எடையையும் போட்டு மிதித்தாள். ஒன்று முடிந்து அடுத்தது. வரிசை முடியும்வரை இறங்கவில்லை.

ஜுருவிலிருந்து காமினி வந்து அழைத்துப்போனாள். வழியில் லிட்டில் இந்தியாவில் ஒரு வேலை இருந்தது. பந்தலுக்கு இரவல் வாங்கிய பித்தளை அண்டாவைச் சிவநேசன் கடையில் திருப்பித் தர வேண்டும். மார்க்கெட் தெருவில் குத்துவிளக்கும் பாத்திரமும் விற்பவர் அவர். வருஷா வருஷம் பந்தலில் கூட நிற்பவர்.

கடையில் விளக்குப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"வாங்கக்கா, உக்காருங்க," என்றார் சிவநேசன். அண்டாவை வாங்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. சுகு நல்ல புள்ளையாச்சே."

"என்ன கேள்விப்பட்டீங்க?"

"அட, அத எதுக்கு என் வாயால..."

"சொல்லுங்க தம்பி."

"தைப்பூசத்தன்னிக்கு கிளப்புக் கொளத்துத் தண்ணிய லாரி லாரியா நம்ம பந்தலுக்கு ஏத்திட்டாராம். அதுல புல்லெல்லாம் கருகிப் போச்சாம். அத மறைக்கறதுக்கு, ஏதோ நோய் மாதிரி தெரியட்டும்னு, உப்புத் தண்ணிய ஊத்தி விட்டாராம். சாமி காரியத்துக்குத்தானே செஞ்சாரு, நான் தப்பு சொல்லலக்கா."

"யாரு சொன்னா?"

"யாருன்னு என்னத்தச் சொல்றது, எல்லாரும் பேசறாங்க. அய்யாக்கண்ணு அண்ணன் வேலு போட்ட தோங்கு, அந்த வேல சுகு சொவத்துப் பக்கமாத் திருப்பி வச்சது வரைக்கும் சொல்றாங்களே. பாக்காமயா சொல்லுவாங்க?"

காமினி சட்டென்று மாமியாரைப் பார்த்தாள். அந்தத் தோங்கு திரும்பியதைப் பார்த்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருவர் வாயிலிருந்துதான் இது கிளம்பியிருக்க வேண்டும். பம்பு வீட்டுக் கதவில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் நவமணியின் மனதில் வந்தது. அதை அங்கேயே நிறுத்தினாள். அதைக் கேட்க வேண்டிய இடம் இந்தக் கடை இல்லை.

இங்கே செய்ய வேண்டியது வேறு. அவள் உட்காரவில்லை. விளக்குப் பார்க்க வந்த பெண்களுக்கும் கேட்கும்படியாகவே பேசினாள்.

"கொளத்துத் தண்ணி ஒரு சொட்டும் வரல. லாரி காலியாத்தான் வந்துச்சு. தோங்குல இருந்தது உப்புத் தண்ணி இல்ல, நம்ம பந்தல் மோரு. நீங்களும் ரெண்டு கெளாஸ் குடிச்சீங்க. அத ஊத்துனது சுகுமாரன் இல்ல. நவமணி."